மூன்றாம் தடவை தாண்டிய ஆடு

என் மூத்தவன் வயிற்றிலிருந்தபோது நாத்தனார் பாக்கியத்தாய் எனக்குச் சொன்ன கதை இது.

ஒரு பட்டியில் வேலியை மூன்றாம் தடவை தாண்டும் ஆடு கறிக்கடைக்குப் போக வேண்டும். தாண்டினால் குரைத்துச் சொல்வது நாய் செவலையின் வேலை. சுட்டி ஆடு ஏற்கெனவே இரண்டு தடவை தாண்டிச் சோளம் மேய்ந்ததால், அதன் கழுத்தில் கட்டை தொங்கியது.

ஒருநாள் செவலை திரும்பிப் பார்க்கும்போது சுட்டி வெளியே நின்றது. வேலிச் சந்தில் நழுவிப்போன அதன் குட்டி வாய்க்கால் சேற்றில் புதைந்துகொண்டிருந்தது. சுட்டியைக் குனிந்து கவ்வக் கட்டை விடவில்லை.

"குரை அண்ணே! பட்டிக்காரர் வரட்டும்."

"சும்மா இரு தாயி. வந்தா உன்னையல்லவா பிடிப்பார்?" செவலை வேலியோரம் அங்குமிங்கும் ஓடியது.

"குரைக்கத்தானே சோறு திங்கிறே? பிள்ளைக்கு மூச்சு முட்டுது, குரை!"

செவலை குரைத்தது.

பட்டிக்காரர் ஓடிவந்து குட்டியைத் தூக்கினார். பிறகு சுட்டியின் கழுத்தில் கயிற்றைப் போட்டார்.

"ஐயா, அவ பிள்ளைக்காகத்தான் தாண்டினா ஐயா!" என்று செவலை அவரைச் சுற்றிச் சுற்றி வந்து சொன்னது. அவர் காதில் அதுவும் குரைப்பாகவே விழுந்தது.

"கெட்டிக்காரன்டா நீ" என்று அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு, சுட்டியை இழுத்துக்கொண்டு நடந்தார்.

இன்றைக்கு ஜெபிக்கும்போது அந்தச் சுட்டிக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மக்களே.