கவிழ்த்த சீட்டு

கலகலவென்று பட்டன்கள் சரியும் சத்தம். பின்னாலேயே அவள் சிரிப்பு.

உள்ளே கை கழுவிக்கொண்டிருந்த கட்டிங் மாஸ்டர் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? அதே கடையில் கைத்தையல் போடும் பெண்டாட்டி மறுபடி ஜெயித்திருக்கிறாள். இஸ்திரிக்காரன் மறுபடி விட்டுக்கொடுத்திருக்கிறான்.

அந்தத் தையல் கடையில் சாப்பாட்டு நேரம் என்றால் ஹோல்டம் போக்கர்தான். காசு கிடையாது, பட்டன்தான் பணயம். ஆளுக்கு ரெண்டு சீட்டு, ரகசியமாக. நடுவில் ஐந்து, எல்லோருக்கும் பொது. முதலில் மூன்று திறக்கும், பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. ஏழில் நல்ல ஐந்து யாருக்குச் சேர்கிறதோ அவருக்குக் குவியல். ருசி அதிலில்லை. கையில் ஒன்றுமே இல்லாதவன் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு பட்டனை ஏற்றுவான் பாருங்கள், நல்ல சீட்டுக்காரன் பயந்து தன் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவான். அதில்தான் ருசி.

ரெண்டு வருஷம் மாஸ்டர்தான் அங்கே ராஜா. அதுவும் பெண்டாட்டி கையில் ஒன்றுமில்லாமல் உதார் விட்டால் கப்பென்று பிடித்துவிடுவார். "உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடுதுடி!"

மூன்று மாதம் முன்பு இஸ்திரிக்காரன் வேலைக்கு வந்தான்.

"நாள் பூரா நின்னே தேய்க்கிற மனுஷன். உங்க நாற்காலியை அவருக்குக் குடுங்களேன்" என்றாள் பெண்டாட்டி.

நாற்காலி போனது. ராஜ்ஜியமும் போனது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். ஆனால் மற்றவர்களோடு மல்லுக்கட்டி ஆடுகிறவன், அவள் ஏற்றினால் மட்டும் சீட்டைக் கவிழ்க்கிறான். தினமும். அவளும் சிரிக்கிறாள். வீட்டில் எப்போது அப்படிச் சிரித்தாள்?

மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். அடுத்த ஆட்டம். நடுவில் மூன்று சீட்டு திறந்தது. அதில் ஒன்று ஆஸ், இருப்பதிலேயே பெரிய சீட்டு.

"இருபது" என்று பட்டன்களைத் தள்ளினாள் அவள்.

"நமக்கு எதுக்கு வம்பு!" குண்டு டெய்லர் கவிழ்த்தான். மாஸ்டரும் கவிழ்த்தார்.

"நானும் இல்லக்கா" என்றான் இஸ்திரிக்காரன்.

மாஸ்டர் எட்டி அவன் சீட்டைப் புரட்டினார். ரெண்டும் ஆஸ்.

"மூணு ஆஸ் சேர்ந்திருக்கு, எந்த மடையனாவது கவிழ்ப்பானாடா? எத்தனை நாளா நடக்குது இது?"

அவள் முகம் வெளுத்தது. "என்னங்க பேச்சு இது, நாலு பேர் முன்னாடி?"

"நாலு பேர் முன்னாடி நடக்கறதைத்தான் பேசறேன்."

"சட்டை கிழியற மாதிரி இருக்கே. நாமதான்யா தைக்கணும்" என்றான் குண்டு டெய்லர். யாரும் சிரிக்கவில்லை.

"விட்டுடுங்க மாஸ்டர். நீங்க நினைக்கிற மாதிரி இல்ல" என்றான் இஸ்திரிக்காரன்.

"பின்ன எந்த மாதிரி? சொல்லேன்டா!"

இஸ்திரிக்காரன் தன் முன்னாலிருந்த பட்டன்களைக் குவிக்க ஆரம்பித்தான்.

"சொல்லிடுங்க தம்பி" என்றாள் அவள். "கெடறது என் பேரு."

அவன் எழுந்தான். "இங்க வந்து உட்காருங்கக்கா. டெய்லர், நீங்க அக்கா இடத்துல உட்கார்ந்து அவங்க சீட்டை எடுத்துப் பிடிங்க."

அவள் உட்கார்ந்து நிமிர்ந்தாள். எதிரே, அளவு போட்டுப் பார்க்கிறவர்களுக்கான ஆளுயரக் கண்ணாடி. டெய்லரின் தோளுக்கு மேல், அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் மட்டும், ரெண்டு சீட்டும் பளிச்சென்று தெரிந்தன.

"ஏழு... ரெண்டு" என்று வாய்விட்டுப் படித்தாள்.

"பார்த்துட்டு ஆடினா அது ஆட்டமாக்கா? அதான் உங்ககிட்ட மட்டும் கவிழ்த்துடுவேன்."

"அட, மொத நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" என்றான் குண்டு டெய்லர்.

இஸ்திரிக்காரன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சொன்னா, எனக்கு முன்னாடி இங்க உட்கார்ந்திருந்தவரை எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்களே."

மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் மட்டும் பார்க்கவில்லை. எழுந்து போய், பாதியில் விட்ட சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள்.