சரிவில் அடித்த மருந்து

காண்டிராக்டர் பிச்சமுத்துவின் ஜீப்பிலிருந்து அக்கா இறங்குவதைப் பார்த்ததும் வீரமலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மன்னார்புரத்து வனத்துறை ஆபீஸ் வாசலில் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பச்சைமலைச் சரிவில் மண்டிக்கிடந்த உண்ணிப் புதர்களைக் கொல்ல, பத்து நாளாக முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு களைக்கொல்லி அடித்தவள் அந்த அக்கா மயிலம்மாள்தான். பிச்சமுத்து மலையேறுகிற ஆளில்லை. அடிவாரத்தில் மருந்து டின்களை இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

அந்தச் சரிவில் ஊறும் சுனைதான் ஊருக்கே குடிதண்ணீர். வீரமலையின் இரண்டு வயது மகளும் அதைத்தான் குடிக்கிறாள். மருந்தடிப்பதை நிறுத்தச் சொல்லி சர்க்காருக்கு மனுப் போட்டவன் தம்பி, விஷம் தெளிக்கப் போனவள் கூடப்பிறந்த அக்கா!

மயிலம்மாள் அவன் பக்கத்தில் வந்து மடியை அவிழ்த்தாள். கறுகறுவென்று உண்ணிப்பழம்.

"நேத்துப் பறிச்சதுடா. திங்கறியா?"

"உன் கையால பச்சைத் தண்ணிகூட வேணாம்."

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி அப்துல் சுக்கூர் காகிதத்தைப் படித்தார். "ஊர்த் தொட்டியில பிடிச்ச தண்ணியைச் சோதிச்சாச்சு. மருந்து துளிகூட இல்லை."

பிச்சமுத்துவுக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீங்களா சார்! பத்து நாள் அடிச்சும் தண்ணி சுத்தம். மலை முழுக்க அடிக்க உத்தரவு கொடுங்க. அடிச்சவளையே கூட்டியாந்திருக்கேன், கேளுங்க."

"ஏம்மா, பத்து நாளும் அடிச்சீங்களா?"

"ஒரு நாள் தப்பலைங்க."

"நீயெல்லாம் ஒரு அக்காவா?" வீரமலை கத்தினான். "இன்னும் நூறு மனுப் போடுவேன், பாத்துக்க!"

அதிகாரி பெருமூச்சோடு பேனாவைத் திறந்தார். விதிப்படி இனி அவர் தடுக்க வழியில்லை.

மயிலம்மாள் விறுவிறுவென்று போய், காகிதத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"கையெழுத்துப் போடாதீங்கய்யா."

"ஏய், கையை எடு! போலீஸைக் கூப்பிடுவேன்" என்று எகிறினார் பிச்சமுத்து.

"கூப்பிடுங்க. நான் மாட்டேன்னிருந்தா வேற ஆளை ஏத்தியிருப்பீங்க. அதான் நானே போனேன்."

மடியிலிருந்த பழங்களை மேஜைமேல் கொட்டினாள். அதிகாரி ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இது எங்கம்மா பறிச்சது?"

"அதே சரிவுலதாங்க. ஒரு புதரும் சாகலை."

"மருந்தடிச்சும் எப்படி?"

மயிலம்மாள் தம்பியை ஒருமுறை பார்த்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"டின்னெல்லாம் சீல் உடையாம என் வீட்டுப் பரண்ல இருக்குங்க, நான் அடிச்சது பூரா சுனைத் தண்ணி!"