துருப்பிடித்த சன்னல்

மகள் கணினியில் ஒரு படக்கதை விளையாட்டில் மூழ்கியிருக்கிறாள். மௌஸைத் தட்டினால்தான் அடுத்த வரி வரும். அவள் சட்டையைத் தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறேன். திரையில் மாலை வெயில், கடலோரத்தில் ஒரு வீடு. கடலைப் பார்த்த சன்னலின் கம்பிகள் மட்டும் துருப்பிடித்திருக்கின்றன. நான் வளர்ந்த வீட்டிலும் அப்படித்தான்; பிடித்தால் உள்ளங்கை சிவந்துவிடும். “இரு, தட்டாத,” என்கிறேன். “அடுத்த வரியிலதாம்மா கொலைகாரன் யாருன்னு தெரியும்.” “அவன் எங்கயும் ஓடிட மாட்டான். இத வரைஞ்சவங்க உப்புக்காத்துல வளந்தவங்கதான். யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.” இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளருகே உட்காருகிறேன். கணினியில் அலைச் சத்தம் ஓய்ந்து, மறுபடி முதலிலிருந்து எழுகிறது. அவள் சத்தத்தைக் கூட்டிவிட்டு, மௌஸை என் பக்கம் நகர்த்தி வைக்கிறாள்.