எதுவும் கொள்ளும் டப்பா

“‘வார்’னு போடுன்னு அன்னிக்கே சொன்னேன்ல! ‘ஆப்ஜெக்ட்’ல எதை வேணாலும் கொட்டலாம்னு கொட்டி வெச்சிருக்க!”

“கத்தாத. எதிர் வீட்டுல கேக்கும்.”

கேட்டது.

அவளும் அவனும் கூட்டாளிகள். சரவணம்பட்டியில் எங்கள் மாடிக்கு எதிரே ஒற்றை அறையில் கம்பெனி. அவர்கள் கல்யாணத்துக்கு நாங்கள் முகூர்த்தமே குறித்து வைத்திருந்தோம். அவர்களோ புரோகிராமில் ஒரு பெயருக்கு முன்னால் எந்த வார்த்தை வர வேண்டும் என்று முட்டிக்கொண்டிருந்தார்கள்.

‘வார்’ என்றால், முதலில் வைப்பதைப் பார்த்தே கணினி டப்பாவின் வகையை முடிவு செய்துவிடுமாம். எண் வைத்தால் எண் டப்பா. பிறகு வேறெதையும் வைக்க விடாது. எழுதும்போதே தடுத்துவிடும்.

‘ஆப்ஜெக்ட்’ எதையும் வாங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பது என்ன என்பது ஓடும்போதுதான் தெரியும்.

அவனுக்கு அதுதான் பிடித்தது. சூட்டை அளக்க எந்தக் கம்பெனி சென்சாரும் சேருமே. தப்பாக ஏதாவது வந்து, டாக்டர்கள் முன்னால் திரை நின்று மானம் போகக் கூடாதென்று, ‘அப்போது பழைய அளவையே காட்டு’ என்றும் எழுதி வைத்தான்.

கெட்டிக்காரன்.

குறைமாதக் குழந்தைகளை வைக்கும் சூட்டுப் பெட்டிக்கான புரோகிராம் அது. சூடு ஏறினால் அலாரம் அடிக்கும். சோதனைக்கு முதலில் அதில் படுத்தது, குறைமாதத்தில் பிறந்த அவன் அக்கா பிள்ளை; இன்னும் அதில்தான் இருந்தது. எங்களுக்கெல்லாம் மைசூர்பாக் கொடுத்தான்.

அன்று காலை ஆஸ்பத்திரியில் சென்சாரை மாற்றிவிட்டார்கள். புதியது சூட்டை எண்ணாக அனுப்பவில்லை. எழுத்தாக அனுப்பியது.

அவள் சோதித்துக் காட்டினாள். நாற்பத்திரண்டை எழுத்தாக அனுப்பினாள்.

திரை முப்பத்தாறரை என்றது. பச்சையில்.

அலாரம் அடிக்கவில்லை.

கத்தல் நின்றது. நான் அவர்கள் வாசலுக்கே போய் நின்றேன்.

அவன் போனில் எண்களைத் தப்பாக அழுத்தினான். மறுபடி அழுத்தினான். ஸ்பீக்கரில் நர்ஸம்மாவின் குரல், கொட்டாவியோடு.

“ஏனுங்க பதர்றீங்க? காலைல இருந்து முப்பத்தாறரைதானுங்க. பச்சையாத்தான் இருக்குது. பாப்பா அசையாம தூங்குது.”

அசையாமல்.

அவள் போனைப் பிடுங்கினாள்.

“திரையப் பாக்காதீங்க சிஸ்டர்! தொட்டுப் பாருங்க!”

போனை எங்கோ வைத்த சத்தம். ஓடுகிற செருப்பு. ஒரு கதவு.

அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.

அப்புறம் ஓர் அழுகை. குழந்தையா, அக்காவா, தெரியவில்லை.

அந்த மாதமே அவள் ஓசூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். அசடு வழிந்தது நாங்கள்தான்.

தை மாதம் அவன் ஓர் அவிநாசிப் பெண்ணைக் கட்டினான். அக்கா குழந்தையோடு வந்திருந்தாள். மண்டபம் முழுக்கக் கை மாறி, என் மடிக்கும் வந்து, தாயிடம் திரும்பியது அது.

மாலையும் கழுத்துமாக அவனும் கை நீட்டினான்.

அக்கா சிரித்தாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.