அழுகண்ணியில் கட்டிய நூல்

பாறைச் சரிவில் ஈரம் கசியும் இடத்தில் அழுகண்ணி முளைத்திருந்தது. கண்ணீர் கோத்த மாதிரி இலையெல்லாம் பசைத்துளி. ஒட்டிய கொசுவை ஓர் இலை நிதானமாகச் சுருட்டித் தின்றுகொண்டிருந்தது. தண்டில் மஞ்சள் நூல். கட்டியவள் தன் பெண்டாட்டி மாடத்திதான் என்று செம்புலிங்கத்துக்குத் தெரியும். யாருக்கு மருந்தோ அவன் பேரைச் சொல்லித்தான் நூல் கட்ட வேண்டும். பறிக்கும்வரை பேரை வெளியே விடக்கூடாது. வேறு எவனாவது தின்றால் பேருக்குரியவனின் நோய் தின்றவனைப் பிடித்துக்கொள்ளும்.

செம்புலிங்கத்துக்கு ஒரு வாரமாக வறட்டு இருமல். மேலத்தெருக் கொண்டையனோ மூன்று மாதமாக ரத்தமாய் இருமுகிறான். மாடத்தியை முதலில் பெண் கேட்டு வந்தவன் அவன். நாற்பது வருஷம் ஆகியும் அவன் பேச்சு வந்தாலே இவனுக்கு வயிறு எரியும்.

"ஏட்டி, யார் பேரச் சொல்லிக் கட்டுன?" என்று காலையில் கேட்டான்.

"கேக்கப்படாதுன்னு தெரியாதா ஒமக்கு?" என்று உலையைப் பார்த்துச் சொன்னாள்.

தன் பேரானால் குணமாகட்டும், அவன் பேரானால் அதையும் பார்த்துவிடுவோம் என்று இப்போது பாறைச் சரிவில் செடியை வேரோடு பிடுங்கி, கொசுவும் சேர வாயில் போட்டு மென்றான். நாக்கு எரிந்தது.

செடி பறிக்க வந்த மாடத்தி பார்த்துவிட்டாள்.

"ஐயோ, பாவி மனுசா, துப்பும்!"

ஓடிவந்து தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள். தன் பேராக இருந்தால் துப்பச் சொல்வாளா? செம்புலிங்கம் அவள் கையைத் தட்டிவிட்டு, பல்லை இறுக்கி விழுங்கினான்.

"அவன் இருமல் எனக்கே வரட்டும். பக்கத்துல உக்காந்து நெஞ்சத் தடவப் போறது நீதான?"