அசையாத மாப்பிள்ளை

ஜெபம் தொடங்கி நாலு நிமிஷம் ஆனபோது ஷிஜினின் மூக்கில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது.

எல்லாரும் எழுந்து நின்று கண்ணை மூடியிருந்தோம். எல்லாரும் என்றால், என்னைத் தவிர. ஜெபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பது எனக்கு ஞாயிறு பள்ளியிலிருந்தே உள்ள பழக்கம். யாராவது ஒருத்தர் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் இல்லையா.

புதுக்கடையை அடுத்து எங்கள் வீடு. அக்கா பெமிலாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். ஞானையன் உபதேசியார் ஆமென் சொன்னதும் அப்பா தன் முடிவைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் அப்படித்தான்.

உபதேசியார் எந்த ஜெபத்தையும் ஆதாமிலிருந்து தொடங்குபவர். நோவா இன்னும் பேழையில் ஏறியிருக்கவில்லை. ஆகவே நேரம் இருந்தது.

மாப்பிள்ளை ஷிஜின் ராணுவத்தில் காலாட்படை. இப்போது அவருடைய பட்டாலியனுக்கு டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகைக் காவல். வெளிநாட்டுத் தலைவர்கள் வந்தால் அணிவகுப்பு மரியாதை. வாரக் கடைசியில் ஜனங்கள் பார்க்கக் காவல் மாற்றம். மற்றபடி வாசலில் நிற்பது.

அரை மணி நேரத்துக்கு முன்னால் இதையெல்லாம் கேட்டுவிட்டு அப்பா, அப்போ நிக்கதுதான் சோலியா என்றார். அப்பாவுக்கு ரப்பர் தோட்டம். அங்கே நிற்பது மரங்களின் வேலை.

ஷிஜின் கோபப்படவில்லை. இது முறை வைத்து வருகிற பொறுப்பு என்றார். ஒரு பட்டாலியன் சில வருஷம் நிற்கும். பிறகு அது எல்லைக்குப் போகும், வேறொன்று வந்து நிற்கும். உயரம் பார்த்து, உடம்பு பார்த்து, வெயிலில் மணிக்கணக்காய் நிறுத்திப் பார்த்துத்தான் ஆளை எடுப்பார்கள். கொசு கடித்தாலும் அசையக் கூடாது.

பேசவும் கூடாது, பார்க்கவும் கூடாதென்றால் வாசலின் ரெண்டு பக்கமும் நிற்கிறவர்கள் எப்படி ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள் என்று அப்பா கேட்டார்.

தட்டுவோம் என்றார் ஷிஜின். துப்பாக்கிக் கட்டையால் தரையில், மெதுவாக. எத்தனை தடவை, எங்கே இடைவெளி என்பதை ஒவ்வொரு ஜோடியும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளும். உங்கள் ஜோடிக்கு எத்தனை என்று நான் கேட்டேன். அதை வெளியே சொல்வதில்லை தம்பி என்றுவிட்டார்.

அந்தப் பதில் அப்பாவுக்குப் பிடித்துப்போனது. அப்பாவுக்கு ஒன்று பிடிப்பது அபூர்வம். ஏற்கெனவே நாலு மாப்பிள்ளைகளை அக்கா வேண்டாம் என்றிருந்தாள். அதில் ரெண்டு பேரின் குறைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நான். இவர் அப்பாவே பொறுக்கி எடுத்த ஐந்தாவது.

அப்பாவுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். பையனுக்கும் பெண்ணுக்கும் முன்பழக்கம் இருக்கக் கூடாது. சித்தப்பா மகள் தானே ஒருத்தரைத் தேடிக் கட்டிக்கொண்டாள். மூன்று வருஷமாய் சித்தப்பா வீட்டுப் பலாப்பழம்கூட எங்கள் வாசல் ஏறுவதில்லை. அது நல்ல பழம்.

அக்கா டெல்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் ரெண்டு வருஷம் நர்ஸாக இருந்தவள். அந்த மாளிகைப் பக்கம் போனதுண்டா என்று அப்பா போன வாரமே விசாரித்திருந்தார். டூட்டி முடிந்தால் தூங்கத்தான் நேரம் இருந்தது என்றாள். அப்பா திருப்தியானார். டெல்லி பெரிய ஊர்.

உபதேசியார் செங்கடலுக்கு வந்துவிட்டார். ஈ மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

ஷிஜின் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. ஆனால் முழங்கால் நடுங்கியது. எத்தனையோ நாட்டுத் தலைவர்கள் முன்னால் நின்ற ஆள், ஒரு ரப்பர் தோட்டக்காரர் முன்னால் சட்டை நனைய வியர்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள்.

என்னைப் பார்க்கவில்லை. அவர் முழங்காலைப் பார்த்தாள். டீ கொண்டுவந்த ட்ரே அவள் நெஞ்சோடு இருந்தது. அதன் பின்பக்கம் நகத்தால் தட்டினாள்.

டிக், டிக். கொஞ்சம் விட்டு, டிக்.

ஷிஜினின் குதிகால் மொசைக் தரையில் ரெண்டு தடவை பட்டது. கொஞ்சம் விட்டு, ஒரு தடவை.

முழங்கால் நடுக்கம் நின்றது. ஈ பறந்துபோனது. அக்கா பக்தியாய்க் கண்ணை மூடிக்கொண்டாள்.

தரகர் தந்த ஜாதகமில்லாத ஏழு பயோடேட்டாக்களையும் அப்பாவின் மேசையில் அடுக்கி வைத்தது யார் என்று யோசித்தேன். அக்காதான். எது மேலே இருந்தது என்று யோசிக்கத் தேவைப்படவில்லை.

ஆமென் வந்தது. எல்லாரும் உட்கார்ந்தோம். அக்கா காலி டம்ளர்களை ட்ரேயில் எடுத்து வைத்தாள். அப்பா முகமெல்லாம் பூரிப்பாய் என் காதருகே குனிந்தார். ரகசியம் பேசுவதாய் அவருக்கு நினைப்பு. அறை முழுக்கக் கேட்டது.

"பாத்தியா மக்கா, பையன் நம்ம பிள்ளைய ஒரு தடவகூட நிமிந்து பாக்கல்ல. ஒனக்கு என்ன தோணுது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் தரையைப் பார்த்தாள்.

நான் நாற்காலிக் கையில் விரலால் தட்டினேன். ரெண்டு. கொஞ்சம் விட்டு, ஒன்று.

அக்காவின் கையில் ட்ரே ஆடி, ஒரு டம்ளர் உருண்டது. ஷிஜின் அசையவில்லை. ஆனால் அவருடைய காது ரெண்டும் மெல்லச் சிவந்தன.

"டூட்டியில ஒரு கொறையும் இல்லப்பா" என்றேன்.