மிதிப்பதற்கென்று பதித்த பெயர்

பாபிலோன் சூளைகளில் சுட்ட ஒவ்வொரு செங்கல்லிலும் அரசனின் பெயர் பொறித்திருக்கும். எருசலேமைக் கொளுத்தி, பெலத்தியாவையும் அவன் சனத்தையும் இங்கே இழுத்துவந்தவனின் பெயர். ஊர் திரும்புவோம் என்று நாணல் குடிசையிலேயே கிடந்த பெலத்தியா, நம்பிக்கை விட்டுப்போன பிறகு அந்தக் கற்களால்தான் வீடு கட்டினான்.

"பேரைக் கீழ்ப்பக்கமாத் திருப்பிப் போடுங்க. அந்தக் கண்றாவி நமக்கு எதுக்கு?" என்றாள் மனைவி மில்காள்.

"மேலயே இருக்கட்டும். தெனமும் மிதிக்கலாம்ல!"

தார்போலக் கொதிக்கும் கீலை ஊற்றித் தரை முழுக்கப் பதித்தான். இனி கடப்பாரை போட்டாலும் பெயராது. கீல் இறுகியதும் மூலைக்கு மூலை நடந்து, அந்தப் பெயரைக் குதிகாலால் நசுக்கி, வாய்விட்டுச் சிரித்தான். சிறைப்பட்டு வந்த நாள்முதல் அவன் சிரித்து மில்காள் பார்த்ததில்லை.

பொழுது சாய்ந்தது. வழக்கம்போல எருசலேம் இருக்கும் திசை பார்த்து மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் அழுத்தி வேண்டினான். நெடுநேரம் எழவில்லை.

எழுந்தவனைப் பார்த்ததும் மில்காள் விளக்கைக் கிட்டே கொண்டுவந்தாள். நெற்றியில் எழுத்து எழுத்தாகச் சிவந்திருந்தது. முக்காட்டு நுனியை எச்சிலில் நனைத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

"என்னடி?"

"அசையாம இருங்க," என்றாள். "போயிடும்."